மூழ்கிய இரு தீவுகள்

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் முன்பு 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகள், சின்னஞ்சிறு கடலுயிர்கள் கட்டிய சுண்ணாம்பு மதில்களாகும். அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப மாறும். எனவே, பாறையில் மோதி அலையின் உயரம் பாதியானால், ஆற்றல் கால்பங்காகிவிடும்.

இப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்திற்காகவும் பல ஆண்டுகள் வெட்டியெடுத்தனர். விளைவு என்ன? பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் மூழ்கின. முன்பு பல மடங்கு பெரிதாக இருந்த வான்தீவு, 2015-இல் 2 ஹெக்டேருக்கும் குறைந்தது.

1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பவளங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. ஆயினும், 2004 சுனாமிக்குப் பின்னரே வெட்டுதல் நின்றது. 2015 முதல் வான்தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகள் கடலில் இறக்கப்பட்டன. உயிர்கள் கூலியின்றிக் கட்டிய மதிலை இன்று நாம் பணம் செலவிட்டுக் கட்டவேண்டியுள்ளது.