சுவர் விட்டுவிட்ட மன்னர்கள்

பழங்கால மக்கள் தங்களோட வரலாற்றை எப்படிப் பதிவு பண்ணி வச்சாங்க? இன்னைக்கு எகிப்திலிருந்து ரெண்டு பட்டியல்களைப் பார்ப்போம்.

முதல் பட்டியல் அபிடோஸ் என்ற ஊரில் இருக்கு. கி.மு. 1290 வாக்கில் பதவிக்கு வந்த முதலாம் சேத்தி அங்கே ஒரு கோயில் கட்டினார். அதன் நடைவழிச் சுவரில், முதல் மன்னர் மெனியில் தொடங்கி சேத்தி வரைக்கும் 76 மன்னர்களின் பெயர்களைச் செதுக்கியிருக்காங்க. அந்தப் பெயர்களுக்கு முன்னால் சேத்தி நிற்கிறார். சிறுவனான மகன் ராம்செஸ் கையில் ஏட்டுச்சுருளோடு பெயர்களைப் படிக்கிறான்.

நமக்கு இது வரலாற்றுப் பட்டியல். அவங்களுக்கு இது படையல் பட்டியல். பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அந்த முன்னோருக்குப் படையல் போய்ச் சேரும். பேர் இல்லைன்னா பட்டினிதான்.

இப்போ விட்டுப்போன பேர்களைப் பாருங்க. சுமார் 20 வருஷம் ஆண்ட பெண் அரசர் ஹட்ஷெப்சுட் இல்லை. பழைய தெய்வங்களை ஒதுக்கிவிட்டு ஆதென் என்ற சூரிய வட்டை முன்னிறுத்திய அகெனாதென் இல்லை. துட்டன்காமுனும் இல்லை. மூன்றாம் அமென்ஹோதெப்புக்கு அடுத்து நேரா ஹோரெம்ஹெப்!

ஏன் இப்படி? சேத்தியின் அப்பா அரச குடும்பத்தில் பிறந்தவர் இல்லை. படை அதிகாரியா இருந்து அரியணை ஏறியவர். புதுசா வந்த குடும்பத்துக்குக் குறையில்லாத ஒரு பரம்பரை தேவைப்பட்டிருக்கும்னுதான் எனக்குத் தோணுது.

ரெண்டாவது பட்டியல் இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கு. ராம்செஸ் வளர்ந்து மன்னரான பிறகு எழுதப்பட்ட பாப்பிரஸ் அது. யாரும் பார்த்து வியக்கறதுக்காக எழுதினதில்லை. பழைய வரிக்கணக்கு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதியிருக்காங்க. பல மன்னர்கள் எத்தனை வருஷம், மாசம், நாள் ஆண்டாங்க என்ற கணக்கும் இருக்கு. வெளியிலிருந்து வந்து ஆண்ட ஹிக்சோஸ் மன்னர்களை அபிடோஸ் சுவர் சேர்க்கவே இல்லை. இந்தத் தாள் அவங்களையும் சேர்த்திருக்கு, அந்நியர் என்ற குறியோட.

கோயில் சுவர் முழுசா நிக்குது. வரிக்கணக்குத் தாள் துண்டு துண்டாத்தான் கிடைச்சிருக்கு. ஆனா பிடிக்காதவங்களையும் கணக்கில் வச்சது அந்தத் தாள்தான்.

அதனால ஒரு நினைவுச் சின்னத்தைப் பார்க்கும்போது, யார் பேர் இருக்குன்னு படிச்சதோட நிறுத்திடாதீங்க. யார் பேர் இல்லைன்னும் தேடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.