பிறப்புரிமை: 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவை மறுபடி வாசித்தல்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. அதை எந்தக் கருவியைக் கொண்டு செய்தது என்பதில்தான் நம் ஆய்வுகள் தடம் மாறியிருக்கின்றன என்பது என் வாதம். வழமையான விளக்கம் இது: மண்ணில் பிறந்ததால் கிடைக்கும் உரிமையைச் சட்டம் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரத்தத்தால் கிடைக்கும் உரிமையை வைத்தது, ஆகவே அது உயிரியல் சார்ந்த இனவாதச் சட்டம். இவ்விளக்கத்தின் அற நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தின் வாசகம் இதைத் தாங்கவில்லை. நான்காம் பிரிவில் தலைமுறைக்குத் தலைமுறை கைமாறுவது இரத்தமல்ல, பிறந்த இடம் பற்றிய பதிவு.

குழப்பத்துக்கு நம் கலைச்சொல்லும் ஓரளவு காரணம். தமிழகம் மரபியல் என்று சொல்வதை இலங்கைப் பாடநூல்கள் பிறப்புரிமையியல் என்கின்றன. பதுளை மாவட்டத்தில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவர் பிறப்புரிமையமைப்பு, தலைமுறையுரிமை என்ற சொற்களோடு மெண்டலின் பட்டாணியைக் கற்கிறார். அதே மாணவர் மே தின மேடையில் ‘பிறப்புரிமை’ என்று கேட்கும்போது அது பிறந்த மண்ணில் வாழும் உரிமையைக் குறிக்கிறது. சட்டமோ ‘வம்சாவளிப் பிரஜை’ என்கிறது. உயிரியலின் பிறப்புரிமைக்கு இடம் பொருட்டல்ல. மேடையின் பிறப்புரிமைக்குப் பெற்றோர் பொருட்டல்ல. சட்டத்தின் வம்சாவளி இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது? முதலாவதைச் சேர்ந்தது என்று எண்ணியதுதான் முந்தைய ஆய்வுகளின் பிழை.

வாசகத்துக்கு வருவோம். சட்டம் நடைமுறைக்கு வந்த 1948 நவம்பர் 15க்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அந்நாளுக்குப் பின் பிறந்தவர்களுக்கு ஐந்தாம் பிரிவு வேறு விதி வைக்கிறது: பிள்ளை பிறக்கும் வேளையில் தகப்பன் பிரஜையாக இருக்க வேண்டும்.

நமுனுகுல மலைச்சரிவில், கோப்பிக் காலத்திலேயே திறக்கப்பட்ட ஸ்பிரிங்வெளியில் ஒரு குடும்பத்தை வைத்து இதைச் சோதிக்கலாம். குடும்பம் கற்பனையே, ஆனால் அதன் நடப்புகள் எந்தத் தோட்டத்திலும் காணக்கூடியவை. திருச்சிச் சீமையிலிருந்து பெரிய கங்காணியின் ஆளாக வந்த ஒருவருக்கு இரண்டு ஆண்மக்கள். தலைப்பிரசவத்துக்கு மனைவி தாய்வீடு போனதால் மூத்தவர் துறையூர்ப் பக்கம் பிறந்தார். இளையவர் 1915இல் ஸ்பிரிங்வெளி லயத்தில் பிறந்தார். கைக்குழந்தையாகத் திரும்பி வந்த மூத்தவரும் தம்பியும் ஒரே லயத்தில் வளர்ந்து, ஒரே செக்ரோலில் பேர் போட்டு, அதே தோட்டத்தில் பிள்ளைகள் பெற்றார்கள். 1940இல் பிறந்த தம்பி மகன் வம்சாவளிப் பிரஜை. அதே ஆண்டில் பிறந்த அண்ணன் மகன் பிரஜையல்ல. உயிரியல் கணக்கில் இவ்விருவருக்கும் தந்தைவழிப் பாட்டன் பாட்டி ஒருவரே. பாட்டனிடமிருந்து வந்த ஆண்பால் நிறமூர்த்தமும் ஒன்றே. இரத்தம்தான் அளவுகோல் என்றால் இருவரில் ஒருவரை விலக்க வழியே இல்லை. பிரித்தது ஒரு தலைப்பிரசவம்.

இன்னும் ஒரு படி போகலாம். தம்பியின் தகப்பன் இந்தியாவில் பிறந்தவர். ஆகவே தம்பி வம்சாவளிப் பிரஜையல்லர். ஆனால் அவருடைய 1940ஆம் ஆண்டு மகன் பிரஜை. நான்காம் பிரிவு தகப்பனின் பிரஜாவுரிமையைக் கேட்பதில்லை, பிறந்த இடத்தை மட்டுமே கேட்கிறது. தகப்பனிடம் இல்லாத தகுதி தகப்பன்வழி மகனுக்கு ‘வம்சாவளியாக’ வந்துவிட்டது. 1950இல் அதே தம்பதிக்கு இன்னொரு மகன் பிறந்தால் அவன் ஐந்தாம் பிரிவுக்குள் விழுகிறான். தகப்பன் பதிவுமூலம் பிரஜையாகாதிருந்தால் அவன் நாடற்றவன். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே லயக்காம்பரா. மூத்தவன் வம்சாவளிப் பிரஜை, இளையவனுக்கு வம்சாவளியே இல்லை. பிறப்புரிமையியலில் இப்படி ஒரு தலைமுறையுரிமை கிடையாது. நான் அறிந்தவரையில், இரத்த உரிமை என்ற வாசிப்பு இந்தச் சகோதரர்களுக்கு விளக்கம் தந்ததில்லை.

கணக்கின் அகலத்தையும் பார்க்க வேண்டும். ஒருவருக்கு மூன்று தலைமுறைக்குள் பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டிமார் நால்வர், பூட்டன் பூட்டிமார் எண்மர் என மொத்தம் 14 மூதாதையர். சட்டம் விசாரிப்பது அவர்களில் மூவரை மட்டுமே. தாய்வழி முழுவதும் கோப்பிக் காலந்தொட்டு ஊவாவில் பிறந்து மடிந்திருந்தாலும் அது கணக்கில் வராது. இதை ஆண்வழி இரத்தம் என்று சுருக்குவோர் உண்டு. மணவாழ்வுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குச் சட்டம் தகப்பன் இடத்தில் தாயையும், தந்தைவழிப் பாட்டன் இடத்தில் தாய்வழிப் பாட்டனையும் வைத்துவிடுகிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. உடல்வழித் தகப்பன் யார் என்பது ஊரறிந்ததாக இருந்தாலும் அவருடைய வழி சட்டத்துக்கு வேண்டாம். பாதையைத் தீர்மானிப்பது திருமண நிலை. தோட்டங்களில் வழக்கப்படி நடந்து பதிவாகாமல் போன திருமணங்களை எண்ணினால் இதன் கனம் புரியும்.

எல்லாவற்றிலும் தெளிவான சான்று ஏழாம் பிரிவு. இலங்கையில் கண்டெடுக்கப்படும், பெற்றோர் யாரென்று அறிய முடியாத கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தை, மறுதலை நிரூபிக்கப்படும்வரை வம்சாவளிப் பிரஜையாகவே கருதப்படும். மனிதாபிமானமான ஏற்பாடு, ஐயமில்லை. ஆனால் வம்சம் எதுவும் தெரியாத குழந்தைக்குக் கிடைக்கும் தகுதிக்கும் சட்டம் வம்சாவளி என்றே பெயர் வைத்திருக்கிறது. ஸ்பிரிங்வெளிச் சந்தியில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை பிரஜை. மேலே லயத்தில் தாயும் தகப்பனும் பாட்டனும் பக்கத்தில் நிற்கப் பிறந்த குழந்தை பிரஜையல்ல. அங்கே வம்சம் தெரிந்திருப்பதே குறையாகிவிடுகிறது.

அப்படியானால் நான்காம் பிரிவு எதைக் கைமாற்றுகிறது? பிறந்த இடத்தை, அதுவும் எழுத்தில் நிரூபிக்கத்தக்க பிறந்த இடத்தை. இலங்கையில் பிறப்புப் பதிவு 1867இல்தான் முறைப்படுத்தப்பட்டது. 1920இல் பிறந்த தொழிலாளி இரண்டாம் வழியில் தகுதி பெறவேண்டுமானால் 1870 அளவில் பிறந்த பாட்டனையும் 1845 அளவில் பிறந்த பூட்டனையும் இலங்கையில் பிறந்தவர்களாகக் காட்ட வேண்டும். பூட்டன் பிறப்பு பதிவுக்கும் முந்தியது. ஊவாவில் கோப்பி பரவத் தொடங்கிய காலத்தது. தோட்டத் தமிழருக்கு இவ்வழி எழுதும்போதே அடைக்கப்பட்டிருந்தது. கீழே கிராமத்துச் சிங்களக் குடியானவரிடமும் பூட்டனின் சான்றிதழ் இருந்திருக்காது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. இன ஒதுக்கல் நிகழ்ந்தது இந்தக் கேள்வியிலும் கேளாமையிலும்தான்.

இதன் தடம் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. நீண்டகாலம் வழங்கப்பட்ட பிறப்புச் சான்றிதழ்ப் படிவத்தில், பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய பெயரும் பிறந்த ஆண்டும் இடமும், தகப்பன் இலங்கையில் பிறவாமல் பூட்டன் இங்கு பிறந்தவரானால் அவருடைய விவரமும் எழுதத் தனிக் கூடுகள் உண்டு. நான்காம் பிரிவின் அமைப்பு அப்படியே படிவமாக அச்சேறியிருக்கிறது. தாய்வழிப் பாட்டனுக்கு அங்கே கூடு இல்லை.

எதிர்வாதங்கள் உண்டு. சட்டம் எந்தச் சமூகத்தையும் பெயர் சொல்லி விலக்கவில்லை என்பது 1953இல் கோடாக்கன்பிள்ளை வழக்கில் பிரிவிக் கவுன்சில் எடுத்த நிலைப்பாட்டின் சாரம். என் வாசிப்பு அதற்குத் துணைபோகிறது என்று சிலர் கருதலாம். அப்படியல்ல. பெயர் சொல்லாமல் விலக்கும் பொறியைத்தான் நான் காட்டுகிறேன். பொறி எவ்வாறு இயங்கியது என்று சொல்வது அதை வைத்தவரை விடுவிப்பதாகாது. சட்டவாக்கத்தினரின் நோக்கம் இனவாதமே, அது போதாதா என்பது இன்னொரு கேள்வி. நோக்கம் பற்றிய ஆய்வுக்குப் போதும். வாசகம் பற்றிய ஆய்வுக்குப் போதாது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் என் பக்கமே சாய்கிறது. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போய், ஏறத்தாழ 1,34,000 பேரே பிரஜைகளானார்கள். அங்கு கேட்கப்பட்டது தொடர்ச்சியான வதிவு: மணமானவருக்கு 7 ஆண்டு, ஆகாதவருக்கு 10 ஆண்டு. மீண்டும் பதிவு, மீண்டும் காகிதம்.

வம்சாவளி என்று எழுதப்படுவது இயற்கையல்ல, பதிவே என்ற உண்மையைத் தேயிலை வளர்ப்பாளர் நம்மைவிடத் தெளிவாக அறிவார். தேயிலை தன் மகரந்தத்தால் பெரும்பாலும் காய்க்காது. பூச்சிகள் கொண்டுவரும் அயல் மகரந்தம் வேண்டும். ஆகவே திறந்த வெளியில் விளைந்த விதையின் வம்சாவளிப் பதிவில் தாய்ச்செடி மட்டும் இருக்கும், தந்தை தெரியாது. சீட்லிங் மலையில் ஒரு செடி போல் இன்னொன்று இராததும் இதனால்தான். 1950களின் பிற்பகுதியிலிருந்து மறுநடுகையில் பரவிய வீ.பி. தேயிலை, ஒரு தாய்ச்செடியின் இலைத்துண்டுகளிலிருந்து வந்தது. அங்கு வம்சாவளி என்ற பேச்சுக்கே இடமில்லை. வளர்ப்பாளர் தாயை மட்டும் எழுதுவதும், சட்டம் தகப்பனை மட்டும் எழுதுவதும் பதிவின் வசதி பற்றியவை. வளர்ப்பாளர் அதை இயற்கை என்று சொல்லிக்கொள்வதில்லை என்பதே வேறுபாடு.

பதிவை இரத்தமாக எண்ணும் பிழை இன்று மறுதிசையிலிருந்தும் வருகிறது. இலங்கை மக்களின் இழைமணி டி.என்.ஏ. பற்றி 2014இல் வெளியான ஆய்வு ஒன்று வேடர், மலைநாட்டு மற்றும் கரைநாட்டுச் சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று மாதிரிகளைப் பிரித்துக்கொண்டது. இழைமணி தாய்வழியே மட்டும் வருவது. இந்தியத் தமிழர் என்ற வகுப்போ 1911ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பு தனியாகப் பிரித்து, 1948க்குப் பின் தந்தைவழிப் படிவங்களால் இறுகியது. நிருவாகம் வரைந்த வேலிக்குள் மாதிரி எடுத்துவிட்டு, கிடைத்த வேறுபாட்டை அந்த வேலிக்கே ஆதாரமாகக் காட்டுவது வட்டத்தர்க்கம். அவ்வாய்வாளர்கள் அப்படிச் செய்தார்கள் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. அவர்களை மேற்கோள் காட்டி அரசியல் பேசுவோர் செய்கிறார்கள். நாங்களும் இந்த மண்ணின் மரபணுதான் என்று டி.என்.ஏ.யைக் காட்டி உரிமை கேட்கும் நம்மவரும் அதே வலையில் விழுகிறார்கள். இரத்தம் கேட்காத சட்டத்துக்கு இரத்தத்தால் பதில் சொல்ல முடியாது.

2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் தகப்பன் என்ற இடத்தில் தாய் அல்லது தகப்பன் என்று ஆக்கியது. அதே ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. இவ்விரண்டும் யாருடைய இரத்தத்தையும் மாற்றவில்லை. எந்த மூதாதையரை, எந்தத் தேதியை எண்ணுவது என்ற விதியை மாற்றின. அதனால்தான் சிக்கல் சட்டத்தாலேயே தீர்க்கக்கூடியதாக இருந்தது.

இதிலிருந்து இரண்டு நடைமுறை முடிவுகள் வருகின்றன. மலையகத்தில் மரபணு மாதிரி எடுப்போர் குடிசனமதிப்பின் இனப்பெயரை விட்டு, பாட்டன் பாட்டிமார் நால்வரும் பிறந்த இடங்களைக் குறிக்க வேண்டும். 1948 பற்றி எழுதுவோர் இரத்த உரிமை என்ற தொடரைக் கைவிட்டு, தோட்டப் பிறப்புப் பதிவேடுகளையும் பழைய சான்றிதழ்ப் படிவங்களையும் முதன்மைச் சான்றாக எடுத்து வாசிக்க வேண்டும்.