பூட்டு உடையாத திருட்டு

லேக் மார்க்கெட்டில் பார்த்த நம்ம ஊர்ப் பெரியவர் ஒருவர், லைசென்ஸ் துப்பாக்கியை வைக்க எந்த இரும்புப் பெட்டி வாங்கலாம் என்று கேட்டார். எனக்கு 1914 ஞாபகம் வந்தது.

அந்த வருடம் ஆகஸ்ட் 26. ரோடா என்ற கல்கத்தா ஆயுதக் கம்பெனிக்குக் கப்பலில் வந்த 202 பெட்டிகளைச் சுங்க அலுவலகத்திலிருந்து எடுத்துவரப் போனவர், அதன் குமாஸ்தா ஸ்ரீஷ் மித்ரா. மாட்டுவண்டிகளில் கிடங்குக்கு வந்து சேர்ந்தவை 192. மீதியைக் கொண்டுவரப் போனவர் திரும்பவேயில்லை. அவர் புரட்சியாளர்களின் ஆள்! 50 மவுசர் கைத்துப்பாக்கிகள், 46,000 தோட்டாக்கள் மாயம். பின்னால் 54 கொள்ளை, கொலை, முயற்சி வழக்குகளில் அந்தத் துப்பாக்கிகள் பயன்பட்டதாக 1918 ரௌலட் அறிக்கை சொன்னது.

நமக்கு அவர் தேசபக்தர். கம்பெனிக்கு? எந்தப் பூட்டையும் அவர் உடைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

"கனமான பெட்டியா வாங்கி, சுவரோட போல்ட் போடுங்க சார், தோட்டாவைத் தனியா பூட்டுங்க. ஆனா சாவி யார்கிட்டன்னு முதல்ல முடிவு பண்ணுங்க" என்றேன்.