சார்ட்டர்ட் செமிகண்டக்டர்

சார்ட்டர்ட் செமிகண்டக்டர் மேனுஃபேக்சரிங் என்பது சிங்கப்பூர் அரசு சார்ந்த சிங்கப்பூர் டெக்னாலஜிஸ் குழுமம் 1987இல் தொடங்கிய சில்லு உற்பத்தி நிறுவனம். பிறர் வடிவமைத்த சில்லுகளைத் தன் ஆலையில் செய்து கொடுப்பது இதன் தொழில். 2010 தொடக்கத்தில் குளோபல்ஃபவுண்ட்ரீஸ் நிறுவனத்தோடு இணைந்தபோது இந்தப் பெயர் மறைந்தது. மிக நுண்ணிய சில்லுகளைச் செய்பவர்கள் உலகில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு ஏன் சுருங்கினார்கள் என்பதற்கு, சிங்கப்பூரர்கள் தம் ஊரிலேயே காணக்கூடிய சான்று இது.

இந்த வரலாறு ஜாலான் புசார் வட்டாரத்துக்கு அருகில் தொடங்குகிறது. மலாயில் ‘பெரிய சாலை’ என்று பொருள்படும் அந்தச் சாலை, லாவெண்டர் ஸ்திரீட்டைத் தாண்டியதும் காலாங் பாரு என்று பெயர் மாறி, காலாங் பேசின் தொழிற்பேட்டைப் பக்கம் செல்கிறது. 1960களின் இறுதியில் அந்தப் பேட்டைக்கு வந்த டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ், முடிவெடுத்த 50 நாள்களுக்குள் உற்பத்தியைத் தொடங்கியதாக அன்றைய பிரதமர் லீ குவான் இயூ தம் நினைவுக் குறிப்புகளில் பெருமையோடு பதிவுசெய்திருக்கிறார். அன்று இங்கே நடந்தது பொருத்தும் வேலை மட்டுமே. வெளிநாட்டில் செய்யப்பட்ட சில்லுகளில் மெல்லிய கம்பிகளை இணைத்து உறையிடுவார்கள். நுண்ணோக்கியில் கண் பதித்து அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். சிங்கப்பூரின் மின்னணுத் தொழில் அவர்களுடைய கண்ணாலும் கையாலும் எழுந்தது. ஆலை முதலாளிகளைப் பற்றி எழுதும் அளவுக்கு அவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை.

சில்லையே இங்கே செய்யும் முதல் ஆலையை இத்தாலியின் எஸ்ஜிஎஸ் நிறுவனம் 1984இல் அங் மோ கியோவில் திறந்தது. மூன்றாண்டுகளில் சார்ட்டர்ட் பிறந்தது. தைவானில் மோரிஸ் சாங் டிஎஸ்எம்சி சில்லு நிறுவனத்தைத் தொடங்கியதும் அதே 1987இல்தான். இரண்டுமே அரசு ஆதரவில் எழுந்தவை. ஆனால் டிஎஸ்எம்சி தொடக்கம் முதலே ஒப்பந்த உற்பத்தியை மட்டுமே நம்பியது. சம்பாதித்ததை அடுத்த தலைமுறை ஆலையில் போட்டது, அந்த ஆலை மேலும் வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்தது. சார்ட்டர்டுக்கு அந்தச் சுழற்சி அமையவில்லை. லாப ஆண்டுகள் குறைவு, நட்ட ஆண்டுகள் அதிகம்.

இருந்தும் அது திறமையற்ற நிறுவனமல்ல. 2002இல் ஐபிஎம்முடன் கூட்டுச் சேர்ந்து 90 நானோமீட்டர் தொழில்நுட்பத்தைப் பெற்றது (இந்த எண் குறையக் குறையச் சில்லு நுண்மையானது). மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவிக்கான செயலியையும் ஏஎம்டியின் கணினிச் செயலிகளையும் உட்லண்ட்ஸில் செய்தது. உலகின் உயர்தரச் சில்லுகள் சிங்கப்பூரில் உருவான காலம் அது. 2008 உலக நிதி நெருக்கடியில் தேவை சரிந்தது. ஏறத்தாழ 62 விழுக்காட்டுப் பங்கை வைத்திருந்த சிங்கப்பூர் அரசு முதலீட்டு நிறுவனமான தெமாசெக், குளோபல்ஃபவுண்ட்ரீஸில் பெரும்பங்கு வைத்திருந்த அபுதாபி அரசின் ஏடிஐசி முதலீட்டு நிறுவனத்துக்கு அதை விற்க 2009 செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. நிறுவனத்தின் மொத்த விலை ஏறக்குறைய 2.5 பில்லியன் வெள்ளி. இன்றைய கணக்கில் முன்னணி ஆலை ஒன்றின் செலவில் அது சிறு பகுதிதான்.

மிக நுண்ணிய சில்லுகளுக்கான ஓட்டத்திலிருந்து விலகியது சிங்கப்பூர் மட்டுமல்ல. 2001ஐ ஒட்டிய 130 நானோமீட்டர் காலத்தில், அந்தத் தரத்தில் சில்லு செய்த நிறுவனங்கள் 20க்கும் மேல். நுண்மை கூடக்கூட ஆலைச் செலவு பன்மடங்கானது. இன்று ஒரு முன்னணி ஆலைக்கு 20 பில்லியன் அமெரிக்க டாலர் போதாமல் போகிறது. 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியால் சில்லில் கோடு வரையும் இயந்திரத்தை உலகிலேயே நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மட்டும்தான் விற்கிறது, ஒன்றின் விலை 150 மில்லியன் டாலருக்கு மேல். அதை ஈடுகட்டும் அளவுக்கு ஆர்டர் தரும் வாடிக்கையாளர்களும் சிலரே. சார்ட்டர்டை விழுங்கிய குளோபல்ஃபவுண்ட்ரீஸே 2018 ஆகஸ்டில் 7 நானோமீட்டர் முயற்சியைக் கைவிட்டது. தைவானின் யுஎம்சியும் 14 நானோமீட்டரோடு நின்றுகொண்டது. இப்போது முன்வரிசையில் இருப்பவை டிஎஸ்எம்சி, சாம்சுங், இன்டெல் மூன்றே. ஜப்பானின் ரேப்பிடஸ் உள்ளே நுழைய முயல்கிறது. சீனாவின் எஸ்எம்ஐசி அந்த ஒளி இயந்திரம் கிடைக்காமலேயே 7 நானோமீட்டர் வரை எட்டியிருக்கிறது.

ஓட்டத்திலிருந்து விலகினாலும் சிங்கப்பூர் தொழிலை விடவில்லை. உலகில் செய்யப்படும் சில்லுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இங்கிருந்து போகிறது. காரிலும் மின்னேற்றியிலும் மருத்துவக் கருவியிலும் இருப்பவை பெரும்பாலும் பழைய தலைமுறைச் சில்லுகளே. அவற்றை மட்டமாக நினைப்பது தவறு; 2021 சில்லுத் தட்டுப்பாட்டில் கார் ஆலைகளை நிறுத்தியவை பெரும்பாலும் அவைதான்.

மிக நுண்ணிய சில்லுக்கும் பழைய தலைமுறைச் சில்லுக்கும் உள்ள வேறுபாட்டைக் கையில் எடுத்துப் பார்க்க ஏற்ற இடம், 10 ஜாலான் புசார் என்ற முகவரியில் உள்ள சிம் லிம் டவர். மின்னணு உதிரிப்பாகங்களைச் சில்லறையாக விற்கும் கடைகளுக்குப் பேர்போன கட்டடம். தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். இத்தகைய கடைகளில் மாணவர்கள் கேட்டு வாங்கும் 555 என்ற நேரச் சில்லை 1970களின் தொடக்கத்தில் கொண்டுவந்த சிக்னெட்டிக்ஸ் இன்று இல்லை. 741 பெருக்கிச் சில்லைத் தந்த ஃபேர்சைல்டு 2016இல் ஆன் செமிகண்டக்டருக்குக் கைமாறியது. எண்கள் மட்டும் அப்படியே விற்பனையில் இருக்கின்றன, செய்பவர்களும் பலர்.

உட்லண்ட்ஸில் குளோபல்ஃபவுண்ட்ரீஸ் 4 பில்லியன் டாலர் விரிவாக்கத்தை 2023 செப்டம்பரில் திறந்தது. பாசிர் ரிஸில் யுஎம்சியின் புதிய ஆலை 2025இல் திறக்கப்பட்டது. தைவானின் வேன்கார்டும் நெதர்லாந்தின் என்எக்ஸ்பியும் சேர்ந்து தெம்பனிஸில் 7.8 பில்லியன் டாலர் ஆலை எழுப்புவதாக 2024 ஜூனில் அறிவித்தன. 2027இல் உற்பத்தி தொடங்கத் திட்டமிடப்பட்டுள்ள அந்த ஆலையின் தரம் 130 முதல் 40 நானோமீட்டர் வரை.