கொள்ளிவட்டமும் லேசர்க் கோலமும்

கார்த்திகைத் திருநாளில் மாவலி சுற்றும் வழக்கத்தை நம்மில் பலரும் அறிவோம். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் பொதிந்து, பனைமட்டைக் கீற்றுகளின் இடையே வைத்துக் கட்டி, கனல் மூட்டிச் சுழற்றினால், இருளில் ஒரு பொன்வட்டம் எழும். சுழல்வது ஒரு சிறு நெருப்புதான். வட்டம் இருப்பது நம் கண்ணிலே. ஒரு காட்சி மறைந்த பின்னும் அதன் பதிவு ஒரு நொடியின் சிறு பகுதி வரை கண்ணில் தங்குகிறது. அதற்குள் பொறி மறுபடியும் அதே இடத்துக்கு வந்துவிடுவதால், புள்ளி கோடாகிறது. இதனைக் கொள்ளிவட்டம் என்றனர் நம் முன்னோர். மாண்டூக்ய காரிகையின் நான்காம் பகுதிக்குக் கௌடபாதர் இட்ட பெயரே 'அலாதசாந்தி', அதாவது கொள்ளி அடங்குதல் என்பது. தத்துவ ஞானிகள் அதில் மாயையைக் கண்டனர். இன்று பெருநகர விழா மேடைகளில் வானளாவக் கோலமிடும் லேசர் ஒளிக்காட்சியின் உயிர்நிலையும் அந்தக் கொள்ளிவட்டமே.

இக்காட்சி செல்வர்க்கே உரிய கேளிக்கை என்று பலர் எண்ணுகின்றனர். சிற்றந்தமானின் ஹட் பே போன்ற ஊரில் வாழும் தமிழன்பர்களுக்கு அவ்வெண்ணம் தோன்றுவது இயல்பே. போர்ட் பிளேர் என்று நெடுநாள் வழங்கி, 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற தலைநகரிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் கடல் வழி; தெற்கே பத்துப் பாகைக் கால்வாய். கடல் கொந்தளித்தால் கப்பல் வாராது. பொங்கலுக்கோ பங்குனி உத்திரத்துக்கோ தாய்நாட்டிலிருந்து ஒளிக்கருவியை வாடகைக்கு வரவழைப்பதென்றால், கருவியின் வாடகையினும் கூலியும் காத்திருப்புமே மிகுதியாகிவிடும். ஆயினும் இக்கலையின் வரலாற்றைப் புரட்டினால், அது பிறந்ததே மலிவான பொருள்களில்தான் என்பது விளங்கும்.

1857ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பௌதிக ஆசிரியர் ழூல் அந்துவான் லிஸ்ஸழூ, இரண்டு இசைக்கவைகளின் நுனியில் சிறு கண்ணாடிகளைப் பொருத்தினார். ஒன்று மேலும் கீழும், மற்றொன்று இடமும் வலமும் அதிருமாறு நிறுத்தி, ஒரு விளக்கின் ஒளிக்கற்றையை முதற்கண்ணாடியில் விழச் செய்து, அங்கிருந்து இரண்டாவதற்குத் திருப்பி, திரையில் வீழ்த்தினார். இரு கவைகளின் சுருதியும் ஒன்றாக இருந்தால் வட்டமோ நீள்வட்டமோ தோன்றும். ஒன்றின் அதிர்வு மற்றதைப்போல் இருமடங்காயின் எட்டு என்னும் எண்ணின் வடிவம் தோன்றும். ச–ப என்னும் சுருதி உறவு இரண்டுக்கு மூன்று. அதற்கு மேலும் பின்னலான கோலம். செவிக்கு இன்பமான விகிதம் கண்ணுக்கும் ஒழுங்கான வடிவமாக வந்து நிற்பது என்ன விந்தை! சுருதி இம்மியளவு பிசகினால் கோலம் நிலையாக நில்லாமல் மெல்லப் புரளும்.

அடுத்த ஆண்டே, 1858இல், வில்லியம் தாம்சன் ஆடிக் கால்வனாமீட்டரை அட்லாண்டிக் கடலடித் தந்திக்கு அமைத்தார். கடல் கடந்து வரும் நலிந்த மின்னோட்டம் ஒரு சிறு கண்ணாடியைத் திருப்ப, அதில் பட்ட ஒளிப்புள்ளி அளவுகோலின்மேல் நகர்ந்து செய்தி சொல்லிற்று. லேசர் காட்சிக் கருவிக்குள் இருக்கும் மின்னாடிக்கு இன்றும் 'கால்வோ' என்பதே பெயர். நொடிக்கு முப்பதாயிரம் புள்ளிகளை இடும் வேகம் பெற்றுவிட்டது என்பதே வேற்றுமை.

இங்கே நாம் சற்று நின்று ஒரு தமிழரை நினைத்தல் வேண்டும். திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சந்திரசேகர வேங்கடராமன், 1907இல் நிதித்துறை உத்தியோகம் ஏற்றுக் கல்கத்தா சென்றார். பகலில் கணக்கு; காலையும் மாலையும் பௌபஜார் தெருவின் விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி. இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகி மீண்டவர். மாற்றல் உத்தரவைக் கண்டறிந்த நம்மனோர்க்கு இதன் அருமை தெரியும். அவர் முதலில் கையிலெடுத்தவை விலையுயர்ந்த கருவிகளல்ல. வயலினின் தந்தியும் மிருதங்கத்தின் தோலுமே. அதிரும் தந்தியின் அசைவை ஒளியால் நிழற்படத் தகட்டில் வரையச் செய்து ஆராய்ந்தார். பின்னர் மிருதங்கத் தோலில் மணலைத் தூவி அதிர்வுக் கோலங்களையும் கண்டார். 1921இல் ஐரோப்பாவிலிருந்து திரும்புகையில் கப்பல் தட்டில் நின்று கடலின் நீலம் எங்கிருந்து வருகிறதென்று வினவினார். வானின் நிழலன்று, நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று தெளிந்தார். அவ்வினாவின் தொடர்ச்சியே 1928 பிப்ரவரி 28ஆம் நாள் கண்ட ராமன் விளைவு. கே. எஸ். கிருஷ்ணன் உடனிருந்து உழைத்தார். அதற்கான கருவிகளின் விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கிற்று என்பர்.

லேசர் பிறந்தது 1960 மே 16ஆம் நாள். தியோடர் மைமன் ஒரு சிவப்புக்கல் தண்டிலிருந்து அதனை எழுப்பினார். இரண்டே ஆண்டுகளில் அது ராமன் விளைவின் ஆராய்ச்சிக்குப் பயன்பட்டதை, 1970 வரை வாழ்ந்த ராமன் காண முடிந்தது. 1969இல் லோவல் கிராஸ் என்பார் கலிபோர்னியாவில் இசைக்கேற்ப லேசர்க் கோலம் காட்டினார். 1973 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் கிரிபித் வானாய்வகத்தில் 'லேசீரியம்' தொடங்கிற்று. அவர்கள் கையாண்ட வாயு லேசர்கள் பெரியவை, விலையும் மிக்கவை. இன்றோ சட்டைப்பையில் அடங்கும் சுட்டொளி சில நூறு ரூபாய்தான். லிஸ்ஸழூவின் இசைக்கவைக்கு ஈடாகப் பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கி இருக்கிறது.

அந்த ஒலிபெருக்கியின் கூம்பின்மேல் மெல்லிய ரப்பரை இழுத்துக் கட்டி, நடுவிலிருந்து சற்றே விலக்கி ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினால், பாட்டுக்கேற்ப அது தலையசைக்கும். இரண்டு ஒலிபெருக்கிகளைச் செங்குத்தாக நிறுத்தினால் லிஸ்ஸழூவின் சோதனை மறுபிறவி எடுத்துவிடும். முகம் பார்க்கும் கண்ணாடி இதற்கு உதவாது. அதன் பூச்சு பின்புறம் இருப்பதால் புள்ளி இரட்டையாகத் தெரியும். பழுதான கணினி வன்தட்டின் உள்வட்டு மேற்பரப்பிலேயே மின்னுவது. அதில் உலோகத்தாலானதை வெட்டிக் கொள்ளலாம். கண்ணாடியாலான வட்டும் உண்டு, அது சிதறும். கடற்காற்றின் உப்பு எதனையும் அரிக்குமாதலால் வேலை முடிந்ததும் மூடி வைத்தல் வேண்டும். சாம்பிராணிப் புகை சிறிது இருந்தால் ஒளிக்கற்றையே கண்ணுக்குப் புலனாகும். புகைத்துகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம்.

இனி, செலவைக் குறைக்கும் ஆர்வத்தில் மறக்கலாகாத ஒன்று உண்டு. லேசரின் ஒளி கண்ணுள் புகுந்தால் விழித்திரையில் ஊசிமுனையளவாகக் குவியும். அங்கே வெந்த இடம் மீண்டும் பார்வை பெறுவது அரிது. ஐந்து மில்லிவாட்டுக்கு மேற்பட்ட சுட்டொளியை விழாக்களில் கையாளுதல் தகாது. மேலே ஒட்டிய சீட்டையும் முழுதும் நம்புதற்கில்லை. 2013இல் அமெரிக்கத் தர அளவை நிறுவனம் 122 சுட்டொளிகளைச் சோதித்தபோது, பச்சை நிறத்தனவற்றில் பத்துக்கு ஒன்பது அளவு விதியை மீறியிருந்தன. அசையும் கற்றை தன் வலிமையைப் பரப்பிவிடுகிறது. பாட்டு நின்று கண்ணாடி அசையாதபோது முழு வலிமையும் ஒரே புள்ளியில் நிற்கும். ஆகவே பாட்டு நின்றதும் விளக்கை அணைக்கும் பொறுப்பை, குழந்தைகளிடம் விடாமல், பெரியவர் ஒருவர் ஏற்க வேண்டும். கற்றை கூட்டத்தின் தலைக்கு மேலேயே செல்லட்டும். வானை நோக்கியும் திருப்பலாகாது. தீவுகளில் நோயாளிகளை ஹெலிகாப்டரில் ஏற்றிச் செல்வதும் உண்டு.

திரைக்கு ஒரு வெள்ளை வேட்டி போதும். கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் கற்றை இரண்டு பாகை திரும்பும். பத்து மீட்டர் தொலைவில் அது ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் நகர்வு. எனவே கோலம் சிறிதாகத் தெரிந்தால் ஒலியைக் கூட்டாமல், வேட்டியை இன்னும் சற்றுத் தள்ளிக் கட்டுதல் நலம்.