கமுதி சோலார்: எட்டு மாதத்தில் ஏன் கட்டினார்கள்?

ஒரு காலத்தில் அரசு ஊழியரை மிரட்ட ஒரே வசனம் போதும். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்!" அந்தக் காடு என்பது ராமநாதபுரம் பக்கம். கருவேலம் மண்டிக் கிடந்த அந்தச் சீமையில்தான், கமுதியில், 2016 செப்டம்பர் 21 அன்று 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதானி குழுமம் கட்டியது. செலவு சுமார் 4,550 கோடி ரூபாய், பரப்பு 2,500 ஏக்கர், பேனல்கள் 25 லட்சம். கலிஃபோர்னியாவின் டோபாஸ் நிலையத்தை (550 மெகாவாட்) முந்திவிட்டது, ஒரே இடத்தில் அமைந்ததில் உலகிலேயே பெரியது என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. (சீனாவின் லாங்யாங்சியா 850 மெகாவாட் ஆயிற்றே என்று கேட்டவர்களும் உண்டு.)

இதைப் பற்றி எங்கே படித்தாலும் "எட்டே மாதத்தில் 8,500 பேர் கட்டினார்கள்" என்று வரும். சரி நண்பர்களே, ஏன் அத்தனை அவசரம்? அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். 2012-ல் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டு ஞாபகம் இருக்கிறதா? பல ஊர்களில் கரண்ட் இருந்த நேரத்தை எண்ணுவதுதான் சுலபம். அந்த அக்டோபரில் அரசு சூரிய மின்கொள்கையை அறிவித்தது. 2015-க்குள் 3,000 மெகாவாட் என்று இலக்கு. 2015 பிறந்தபோது 200 மெகாவாட்டைக்கூட எட்டவில்லை!

இதற்கிடையே 2014 செப்டம்பரில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 7.01 ரூபாய் என்று விலை வைத்தது. ஏலம் கிடையாது. யார் வந்தாலும் அந்த விலை, 25 வருடத்துக்கு. பிறகு நீட்டிக்கப்பட்ட கெடு 2016 மார்ச் 31. அதற்குள் மின்சாரம் தர ஆரம்பிக்க வேண்டும். தாண்டினால் புது விலை 5.10 ரூபாய்தான். கமுதிக்கான ஒப்பந்தம் 2015 ஜூலையில் கையெழுத்தானது. ஜூலையிலிருந்து மார்ச் வரை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், அவசரம் புரிந்துவிடும். இஞ்சினியர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்களை விரட்டியது காலண்டர். எவ்வளவு பங்கு கெடுவுக்குள் முடிந்தது என்று பிறகு வழக்கே நடந்தது.

7.01 அதிகமா? 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் சிலிக்கான் செல்லைக் காட்டியபோது வெயிலில் ஆறு சதவீதம்தான் மின்சாரமானது. விலையோ செயற்கைக்கோளுக்கு மட்டும் கட்டுப்படியாகும் விலை. 1980-களில் கலிஃபோர்னியாவின் கரிசோ சமவெளியில் 5.2 மெகாவாட் நிலையம் ஒன்று கட்டினார்கள். லாபம் இல்லாமல் 90-களில் பிரித்தே எடுத்துவிட்டார்கள். (டோபாஸ் நிற்பதும் அதே சமவெளியில்தான்!) இந்தியாவில் 2010-ல் அரசு கணக்குப் போட்ட விலை 17.91 ரூபாய். அதே வருட ஏலத்தில் 10.95 வரை இறங்கியது. அதை வைத்துப் பார்த்தால் 2014-ல் 7.01 நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் கமுதி ஒப்பந்தம் போட்ட அதே 2015 நடுவில் மத்தியப் பிரதேச ஏலத்தில் 5.05 ரூபாய்க்குக் கேட்டார்கள். எதிர்க்கட்சிகள் விடுமா? 2017-ல் தமிழ்நாடே ஏலம் விட்டபோது 3.47. அந்த விலைக்கு 709 மெகாவாட்டை எடுத்தது, பழுப்பு நிலக்கரி தோண்டும் நம் நெய்வேலி என்.எல்.சி! என் கணிப்பில் தப்பு சூரியன் மேலும் இல்லை, கட்டியவர் மேலும் இல்லை. மாதத்துக்கு மாதம் விலை விழுகிற சரக்கை ஏலம் விடாமல் வாங்கியதுதான் தப்பு.

இன்னொரு விஷயம். எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரர்களுக்கு மின்நிலையம் என்றால் மேட்டூர்தான். அங்கே 2013-ல் வந்த அனல் யூனிட் 600 மெகாவாட். கமுதி 648 என்றதும் அதைவிடப் பெரியது என்று நினைத்துவிடக் கூடாது. ராத்திரி, மேகம் எல்லாம் கழித்தால் சோலாரில் வருஷ சராசரி ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். ஆனால் கரி வேண்டாம், சாம்பல் இல்லை. பேனலில் படியும் தூசியைத் துடைக்கக்கூட ரோபோ வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் அந்த ஊர் ஜனங்களுக்கு என்ன மிச்சம்? கட்டி முடித்ததும் ஆயிரக்கணக்கான வேலைகள் போய்விட்டன. கமுதியில் நிலத்தை விலைக்கே வாங்கினார்கள், விற்றவர் கணக்கு அன்றோடு முடிந்தது. கர்நாடகத்தின் பாவகடாவில் வேறு வழி. அதுவும் வறண்ட பூமிதான். அங்கே 2,050 மெகாவாட் பூங்காவுக்கு விவசாயிகளிடம் சுமார் 13,000 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஐந்து சதவீதம் கூடும். பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கிறது.