லயத்துத் தீபாவளி: கடனுக்கு வாங்கிய பகல்

இலங்கை மலையகத் தோட்டங்களில் ஐப்பசி நெருங்கினால் ஒரே பேச்சுத்தான்: தீபாவளி அட்வான்ஸ். எவ்வளவு தருவார்கள், எப்போது தருவார்கள், எத்தனை மாதத்தில் பிடிப்பார்கள். தொழிற்சங்கங்கள் அறிக்கை விடும், பத்திரிகைகள் தலைப்புப் போடும். அந்தத் தொகை கைக்கு வந்ததும் நாவலப்பிட்டி, கம்பளை, அட்டன் கடைத்தெருக்களில் கரைந்துவிடும். கரைவதில் முதல் பங்கு பிள்ளைகளின் உடுப்புக்கு. கடன்பட்டுப் பண்டிகை கொண்டாடும் சனம் எப்படி முன்னேறும் என்று இதைப் பார்த்துக் கேட்பவர்கள் இன்றும் உண்டு. நூறு வருஷத்துக்கு முன் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரைமாரும் இதையேதான் கேட்டார்கள். அந்தக் கேள்வி வரலாற்றைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது என்பது என் முடிவு. தோட்டத்துக் குடும்பம் அந்தக் கடனால் வாங்கியது ஒரு பகலை. தாயும் தகப்பனும் சின்னப் பிள்ளைகளோடு வீட்டில் இருக்கும் ஒரு முழுப் பகலை. வேறெந்த வழியிலும் அது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதைக் கோப்பிக் காலத்திலிருந்து பார்த்தால்தான் விளங்கும்.

நாவலப்பிட்டிக்குக் கீழே, மகாவலி இறங்கிப் போகும் வழியில் இருக்கிறது கம்பளை. அங்கே சின்னப்பிட்டியவில் 1820களின் தொடக்கத்தில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டதோடு இந்த மலைகளின் தோட்ட வரலாறு தொடங்குகிறது. அப்போது தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழி நடந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் மிச்சம் பிடித்த காசோடு திரும்பிவிடுவார்கள். பழம் பறிக்கும் மும்முரத்தில் தீபாவளி மலையிலேயே கழிந்து போகும். ஆனால் தை பிறக்கும்போது பலர் ஊரில் இருப்பார்கள், பொங்கல் பெண்சாதி பிள்ளைகளோடுதான். வழியில் கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் ஏராளம் என்பதால் அந்தக் காலத்தை நல்ல காலம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உழைக்கும் இடம் வேறு, குடும்பம் வாழும் இடம் வேறாக இருந்தது. பிள்ளைகளின் பண்டிகையைத் தோட்டக் கணக்குப் புத்தகம் தொடவில்லை.

தேயிலை இதை மாற்றியது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பி இலைகளில் பூஞ்சை நோய் கண்டது. இருபது வருஷத்துக்குள் கோப்பி அழிந்து, மலைகளெல்லாம் தேயிலையாயின. கோப்பிக்குப் பருவம் உண்டு, கொழுந்துக்கு இல்லை. வாரத்துக்கொரு தரம் அதே செடிக்குத் திரும்பி வந்து எடுக்க வேண்டும், அதுவும் வருஷம் முழுக்க. அதற்குக் கங்காணிமார் குடும்பம் குடும்பமாக ஆள் கட்டினார்கள். பெண்களின் கை தேவைப்பட்டது, பெண் வந்தால் பிள்ளையும் வரும். ரயில் பாதை 1874இல் நாவலப்பிட்டியை எட்டியது. 1880களின் நடுவில் அட்டனையும் நானுஓயாவையும் எட்டும்வரை ஏறக்குறையப் பத்து வருஷம் மலைநாட்டுப் பாதையின் கடைசி ஸ்டேஷன் இதுதான். டிக்கோயா, டிம்புள்ளப் பக்கம் போன அரிசியும் ஆட்களும் இங்கே இறங்கித்தான் மேலே ஏறினார்கள். அப்படி ஏறியவர்களுக்குத் தைப் பொங்கலுக்கு ஊர் திரும்பும் வழக்கம் மெல்ல மெல்ல அற்றுப்போனது. ஊரில் நடந்த பண்டிகை தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வந்து சேர்ந்தது. லயத்தில் அதற்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை.

இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் ஒரு சின்ன வாசல், முதுகோடு முதுகு ஒட்டிய இன்னொரு வரிசை. நேரம்தான் விரிவாகப் பார்க்க வேண்டிய விஷயம். விடியுமுன் தப்புச் சத்தம், பிறகு வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு. தாய் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவாள். அங்கே வளையில் கட்டிய சேலைத் தொட்டில்களில் பிள்ளைகள் தூங்கும். இடையில் ஒரு தரம் பால் கொடுக்க ஓடி வருவாள். கொழுந்து நிறுத்து முடித்து அவள் லயத்துக்கு வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். நடக்கத் தெரிந்த பிள்ளையை அக்காவோ பாட்டியோ பார்த்துக்கொள்ள வேண்டும். 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்கும்படி தோட்டங்களைக் கேட்டது, லயத்துப் பள்ளிக்கூடங்கள் ஓராசிரியரோடு ஒப்புக்கு நடந்தன. பத்து வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1923இல் இன்னொரு சட்டம் வந்தது. பத்து வயதானால் வைக்கலாம் என்பதே அதன் மறுபக்கம். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929 முதல் உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் நாட்கூலி. இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பார்த்தால் அது ஒரு குடும்பம். ஆனால் தோட்டத்து ஆட்பதிவேடான செக்ரோலில் அது குடும்பமாக எழுதப்படவில்லை, மூன்று பேராக எழுதப்பட்டது. பேர் விழுந்த நாளுக்குச் சம்பளம், விழாத நாளுக்கு ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. அந்த நாளில்தான் விறகு பொறுக்க வேண்டும், ஒரு வாரத்துத் துணியை ஓடையில் துவைக்க வேண்டும், டவுனுக்கு இறங்கிச் சாமான் வாங்கி வர வேண்டும். கொழுந்து மண்டிய காலத்தில் கைக்காசுக்கு எடுக்க ஞாயிறும் மலையேற வேண்டும். தோட்டத்துக் கலைகளும் வழிபாடுகளும் நடந்த நேரமே இதற்குச் சாட்சி. மாசியில் காமன் கூத்து இரவு முழுக்க நடக்கும். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இரவில்தான். ஊர்க் கூத்து மரபே இராக் கூத்துத்தான் என்றாலும், தோட்டத்தில் அதற்கு வேறு வழியே இல்லை, பகல் தொரையுடையது. தாயின் மடியில் தூங்கிவழிந்தபடி கூத்துப் பார்த்த பிள்ளையை விட்டுவிட்டு, அதே தாய் விடிந்ததும் பெரட்டுக்குப் போயாக வேண்டும்.

தீபாவளி இந்த ஒழுங்கை உடைத்தது. அதன் சடங்குகள் விடியலில் தொடங்குபவை. எண்ணெய் வைத்துக் குளிப்பாட்ட வேண்டும், புதுத்துணிக்கு மஞ்சள் தடவி உடுத்திவிட வேண்டும், சாமி கும்பிட வேண்டும். வருஷம் முழுக்கக் கோதுமை மா ரொட்டியில் காலை விடிந்த வீட்டில் அன்று தோசை சுடுவார்கள். இவற்றில் எதையும் அந்திக்குப் பிறகு செய்ய முடியாது, பிள்ளைக் காம்பரா ஆயாவிடம் ஒப்படைக்கவும் முடியாது. பெற்றவள் கைதான் வேண்டும். நாவலப்பிட்டிப் பக்கம் ஐப்பசியில் மாலை தவறாமல் மழை பெய்யும், அந்த மழைக்குக் கொழுந்தும் தளிர்த்துத் தள்ளும். தோட்டத்துக்கு ஆள் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் பண்டிகை வந்து நிற்கும். அப்படியிருந்தும் அந்த ஒரு நாளைத் தோட்டங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அதிகாலையில் தாய் கையால் தலையில் எண்ணெய் வாங்கிய பிள்ளைக்கு, அவள் முகத்தை நாள் முழுக்க வெளிச்சத்தில் பார்க்கக் கிடைத்த அரிய நாள் அது. அதற்கு ஒரு குடும்பம் எவ்வளவு கொடுக்கலாம் என்பதை வெளியே நின்று கணக்குப் பார்ப்பவர் தீர்மானிக்க முடியாது.

கடனைப் பற்றிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன். தோட்டத்துத் தமிழரைக் கடனாளியாக்கியது பண்டிகை அல்ல. ஊரிலிருந்து புறப்படும்போதே வழிச்செலவுக்கும் பழைய பாக்கிக்கும் கங்காணி கொடுத்த முற்பணத்தோடுதான் அவர் கப்பல் ஏறினார். அந்தக் கடன் துண்டுச் சீட்டில் ஏறியது. துண்டு கைமாறினால் ஆளும் தோட்டம் மாறுவார். ஆளைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றும் அந்த முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அரிசியைத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் பிடித்தது. சம்பளமோ மாதக் கணக்கில் பாக்கி நின்றது. பயணக் கடன் கங்காணிக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது, அரிசிக் கடன் மறுநாள் வேலைக்கு உடம்பைத் தேற்றிக் கொடுத்தது. பண்டிகைக் கடன் ஒன்றின் பலன்தான் தோட்டத்துக்குப் போகாமல் பிள்ளையின் உடம்பில் உடுப்பாக நின்றது. சிக்கனம் தெரியாத சனம் என்று எழுதிய தொரைமார் முதலிரண்டு கடன்களையும் ஊதாரித்தனம் என்று சொன்னதில்லை.

இன்னொரு ஆட்சேபத்தை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. தீபாவளி யாருக்கு ஓய்வாக இருந்தது? விடியுமுன் எழுந்து மா அரைத்துப் பலகாரம் சுட்டு, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, இறைச்சிக் கறி ஆக்கி, வருகிறவர்களுக்குப் பரிமாறிய பெண்ணுக்கு அன்று மலையேறாதது ஒன்றுதான் ஓய்வு. அட்வான்சில் ஒரு பகுதி சாராயத்துக்குப் போனதும், பிற்பகலில் லயத்தில் சண்டை மூண்டதும், பிள்ளைகள் அதற்குப் பயந்து ஒடுங்கியதும் மறைக்க வேண்டிய செய்திகள் அல்ல. பல தோட்டங்களில் பெண்ணின் சம்பளத்தைப் புருஷனே கைநீட்டி வாங்கும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் பெண்ணுக்கு 1984இல்தான் கிடைத்தது. பண்டிகைக் கடனில் கணிசமான பங்கு அவள் விரல் நோக எடுத்த கொழுந்திலிருந்தே அடைந்தது. இதை ஒப்புக்கொள்ளாமல் லயத்துத் தீபாவளியைப் பாசமும் பலகாரமுமாக வரைவது பொய். ஆனால் இந்த உண்மை என் வாதத்தைக் குலைக்கவில்லை. அந்தப் பகலுக்கு அதிக விலை கொடுத்தவள் தாய். அது வேண்டுமென்று விடாமல் நின்றவளும் அவளே. எந்தச் செலவைக் குறைத்தாலும் பிள்ளையின் உடுப்பைக் குறைக்காத பிடிவாதம் அவளிடமிருந்து வந்தது.

பண்டிகையே தோட்ட நிருவாகத்தின் தயவுதானே என்றும் சொல்வார்கள். மாரியம்மன் கோயிலில் தொரைக்கு முதல் மாலை, தொரை கொடுத்த நன்கொடை, அவர் தலையசைத்தால் லீவு. ஆட்களைத் தோட்டத்தோடு கட்டிப்போட இது உதவியது என்பது சரியே. திருவிழாவுக்கு அது முழுக்கப் பொருந்தும். காம்பராவுக்குள் நடந்த தீபாவளிக்குப் பாதிதான் பொருந்தும். அங்கே மாலை வாங்கத் தொரை வரவில்லை.

அந்தக் காம்பராவையும் பிறகு கலைத்தார்கள். 1948இல் தோட்டத் தமிழரின் பிரஜாவுரிமை பறிபோயிற்று. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. 1973, 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினி புகுந்தது, பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் பிழைக்கப் போனார்கள். இந்தியாவுக்குப் போகிறவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோக மலையிலிருந்து இறங்கிய ரயிலை மக்கள் அழுகைக் கோச்சி என்றார்கள். ஒரு காலத்தில் குடும்பங்கள் வந்து இறங்கிய நாவலப்பிட்டி ஸ்டேஷன் வழியாகத்தான் அதுவும் போனது. அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போட், தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று பிரிந்த வீடுகளில் பேரன் பேத்திகள் பாட்டி தாத்தாவை இழந்தார்கள். மலைக்குப் போன தாய்க்குப் பதிலாகப் பிள்ளையைப் பார்த்த கைகள் பாட்டியின் கைகள் என்பதை நினைத்தால் இழப்பின் அளவு தெரியும். கூலியைப் பங்கிட்ட செக்ரோலைப் போலவே அந்த ஒப்பந்தமும் ஆட்களை எண்ணியது, வீடுகளை எண்ணவில்லை.

இப்போது கதை இன்னொரு திருப்பத்தில் நிற்கிறது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது, அதற்கே பல வருஷப் போராட்டம். தோட்டச் சம்பளம் போதாத இளம் பெற்றோர் கொழும்புக் கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும், வெள்ளவத்தை வீட்டு வேலைகளுக்கும், வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். லயத்தில் மறுபடியும் பாட்டியும் பேரப்பிள்ளையும். கோப்பிக் காலத்து ஒழுங்கு புரண்டு திரும்பியிருக்கிறது: அன்று குடும்பம் இந்தியக் கிராமத்திலும் உழைப்பு இந்த மலையிலும் இருந்தன, இன்று குடும்பம் இந்த மலையில், உழைப்பு வெளியே. தோட்டத்துப் பிள்ளைக்கு முன்பு தாய் இரவில் மட்டும் கிடைத்தாள். இப்போது பலருக்குப் பண்டிகைக்கு மட்டும் கிடைக்கிறாள், வளைகுடாவுக்குப் போனவளாக இருந்தால் அதுவுமில்லை. டெலிபோனில் முகம் பார்க்க முடிகிறதே என்பார்கள், தலையில் எண்ணெய் வைக்க அது உதவாது. அதனால்தான் தீபாவளிக்கு முதல் நாள் கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகும் ரயிலில் நிற்கவும் இடமில்லாமல் போகிறது. தொழிற்சங்கங்கள் அட்வான்ஸ் தொகைக்காகப் பேசுவது நியாயம். லீவு நாட்களுக்காகவும் அதே குரலில் பேச வேண்டும். கொழும்புக் கடையில் நிற்கும் தகப்பனுக்கு எத்தனை நாள் லீவு, வீட்டு வேலைக்குப் போன தாய்க்குப் பண்டிகையன்று போக வர அனுமதி உண்டா என்பவை எந்தக் கூட்டு ஒப்பந்தத்திலும் இல்லை. பலர் தீபாவளிக்கு மறுநாள் மாலையே நாவலப்பிட்டியில் கோச்சி ஏறிவிடுகிறார்கள், புது உடுப்பைக் கழற்ற மனமில்லாத பிள்ளை பாட்டியின் இடுப்பில் இருக்கும்போதே.